காத்தமுத்துவின் மாடுகளும் சர்க்கார் நோட்டீசும்

சங்கத்துப் பையன்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்றார்கள். "அண்ணே, இப்ப சாலை விபத்தைப் பத்தி சர்க்கார் ரேடியோவில சொல்லுது, சினிமாக் கொட்டகையில படம் போடுது. உங்க காலத்தில இதெல்லாம் ஏது லா?" என்று அதில் ஒருவன் கேட்டான். கேட்ட விதமே எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் காலத்தில் இந்த மலாய்த் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒருவனும் வண்டியில் அடிபடவில்லை என்று நினைத்துக்கொண்டானா? அடிபட்டான். சர்க்காரும் அதற்காகப் பணம் செலவழித்தது. பாதியைப் பாழாக்கவும் செய்தது. அந்த நோட்டீஸ்களைச் சுவரில் ஒட்டியவன் நான்தான். ஒட்டுகிற ஆளாகச் சேர்ந்து, ஒட்டுகிறவர்களை மேய்க்கும் மண்டோராகி, மண்டோராகவே ஓய்வு பெற்றேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததைச் சொல்கிறேன். பிடிக்காதவர்கள் அடுத்த பக்கம் போகலாம்.

வேலை பழகிய கதையை நீட்டப்போவதில்லை. எனக்கு முன்னால் இருந்த மண்டோர் முதல் வருஷம் முழுக்க என்னை வாளி தூக்க வைத்தார், இரண்டாம் வருஷம் பசை காய்ச்ச வைத்தார், மூன்றாம் வருஷம்தான் தூரிகையைக் கையில் கொடுத்தார். அவ்வளவுதான் என் படிப்பு.

ஆனால் பசையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். மரவள்ளி மாவைத் தகர டின்னில் கரைத்து, கொதிக்கும்போது கட்டி விழாமல் கிளறி இறக்கினால் நல்ல பசை. அதில் ஒரு சங்கடம். அது ஆட்டுக்கும் நல்ல தீனி. அந்தக் காலத்தில் டவுன் முழுக்க ஆடும் மாடும் திரியும். காலையில் ஒட்டிய நோட்டீஸ் மத்தியானம் ஆட்டின் வயிற்றில் இருக்கும். "ஓடுகிற வண்டியில் ஏறாதே" என்பதில் "ஏறாதே"யை மட்டும் ஒரு கிடாய் தின்றுவிட்டுப் போயிருந்தது. மிச்சத்தைப் படிக்கிறவன் என்ன நினைப்பான்? பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்தால் ஆடு வாய் வைக்காது. ஆனால் வைத்த ஆடு செத்தால் ஆட்டுக்காரன் தடியோடு வருவான். அதனால் நாங்கள் கண்டுபிடித்த வழி இதுதான்: ஆடு பின்னங்காலில் நின்று கழுத்தை நீட்டினாலும் எட்டாத உயரத்தில் ஒட்டுவது. ஏணி தூக்குவதற்கு ஒரு ஆளைக் கூடுதலாகப் போட்டார்கள்.

எங்கே ஒட்டுவது என்பதற்கும் கணக்கு உண்டு. பள்ளிவாசல் சுவர், கோயில் சுவர், சீனர் வீட்டு வாசல் தூண் மூன்றையும் தொடக்கூடாது. தொட்டால் உதை. வண்டிக்காரன் எங்கே வேறு வழியில்லாமல் நிற்பானோ அங்கே ஒட்டவேண்டும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி, லாடம் கட்டும் பட்டறை, துறைமுகத்து எடைமேடை. நிற்கிறவன் எதையாவது பார்த்துத்தானே ஆகவேண்டும்.

எங்கள் மேலதிகாரி ஹால்டன் துரை. உயரமான மனுஷர், சிவந்த காது. எங்களோடு மலாயில்தான் பேசுவார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "ஏய் சின்னையா" என்று கூப்பிட்டால் பயமில்லை. "மிஸ்டர் சின்னையா, தயவுசெய்து உட்காருங்கள்" என்றால் தொலைந்தேன் என்று அர்த்தம்.

அவரிடம் ஒரு பரீட்சை உண்டு. புது நோட்டீஸ் வந்தால் முதல் பிரதியை நான் ஒரு சுவரில் ஒட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்கவேண்டும். துரை தெருக்கோடியில் ஒரு ரிக்ஷா பிடித்து ஏறி, சாதாரண ஓட்டத்தில் அந்தச் சுவரைத் தாண்டச் சொல்வார். தாண்டியதும் வண்டியை நிறுத்தி, ரிக்ஷா இழுக்கிறவனிடம் கேட்பார்: "சுவரில் என்ன பார்த்தாய்?" அவன் சரியாகச் சொன்னால் நோட்டீஸ் பாஸ். விழித்தால் பெயில், கிழித்துவிடு. ரோட்டில் போகிறவனுக்குத்தானே நோட்டீஸ், அவனையல்லவா கேட்கவேண்டும் என்பார். இந்த ஒரு விஷயத்துக்காக அந்த மனுஷர் மேல் எனக்கு மரியாதை. மற்றதற்கெல்லாம் சண்டைதான்.

முப்பதுகளின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகின. மாட்டுவண்டிகள் குறையவில்லை. பொழுது சாய்ந்தால் இரண்டும் ஒரே ரோட்டில். வண்டிக்குப் பின்னால் சிவப்பு விளக்கு தொங்கவேண்டும் என்று சட்டம் இருந்தது. நம் ஆட்கள் லாந்தரை அச்சுக்குக் கீழே தொங்கவிடுவார்கள், மாட்டின் காலுக்கு வெளிச்சம் வேண்டும் என்று. பின்னால் கட்டியிருக்கும் வைக்கோல் கட்டு அதையும் மறைத்துவிடும். கேட்டால், "பின்னால வர்றவனுக்கு நான் எதுக்கு எண்ணெய் ஊத்தணும்?" என்பான். லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டிக்குள் படுத்துத் தூங்கியும் விடுவான். மாட்டுக்கு வழி தெரியும். மோட்டார்காரனுக்கு மாடு இருப்பது தெரியாதே!

விளம்பரம் செய்யச் சர்க்கார் பணம் ஒதுக்கியது. அதில் பாதிக்கு மேல் இங்கிலீஷ் பேப்பரில் போட்டார்கள். எந்த மாட்டுவண்டிக்காரன் காலையில் காப்பி குடித்துக்கொண்டே இங்கிலீஷ் பேப்பர் புரட்டுகிறான்? இதை நான் துரையிடமே கேட்டேன். "மேலிடத்து உத்தரவு" என்றார். மிச்சம் இருந்த பணத்தில் ஒரு படம் போட்ட நோட்டீஸ் அடிக்க முடிவானது.

படம் வரைந்தவர் சூலியா தெருவில் கடைப்பலகை எழுதும் மஸ்தான் பாய். இருட்டு ரோடு. ஒரு மாட்டுவண்டி. பின்னால் விளக்கில்லை. வண்டிக்காரன் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு மல்லாந்து தூங்குகிறான். பின்னாலேயே ஒரு மோட்டார் வண்டி கண்ணை உருட்டிக்கொண்டு வருகிறது. கீழே எல்லா மொழியிலும் எழுத்து: "விளக்கில்லாத வண்டி. தூங்குகிற வண்டிக்காரன். அடுத்தது என்ன?" படம் பிரமாதம். ரிக்ஷாப் பரீட்சையில் முதல் ஓட்டத்திலேயே பாஸ். நாங்கள் டவுன் முழுக்க ஒட்டினோம்.

பத்து நாள் போயிருக்கும். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனேன். ஒரு பெண்பிள்ளை சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, எங்கள் ஏணியைப் போலவே ஒரு ஏணியைச் சாத்தி, நோட்டீஸ் மேல் சாணியை அப்பிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா! சர்க்கார் நோட்டீசுல சாணி அடிக்கிறியே, ஜெயிலுக்குப் போவணுமா?"

"போறேன்யா. அங்கயாச்சும் சோறு போடுவான். உங்க நோட்டீசு எங்க சோத்துல மண்ணைப் போட்டுருச்சே!"

"உன் சோத்துக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"கண்ணு தெரியலையா உங்களுக்கு? இந்தா, இந்தத் தொங்கு கொம்பு யாரு மாட்டுக்கு இருக்கு? இந்த நெத்தியில வெள்ளைச் சுட்டி யாரு மாட்டுக்கு இருக்கு? வருஷம் பூரா பச்சையும் சிவப்புமா கொம்புக்கு வர்ணம் அடிக்கிற கிறுக்கன் இந்த ஊருல எத்தனை பேரு? என் புருஷன் ஒருத்தந்தான்!"

அப்போதுதான் படத்தை உற்றுப் பார்த்தேன். ஒட்டுகிறவன் பார்ப்பது ஓரத்தைத்தான். ஓரம் மடங்கக்கூடாது, நடுவில் காற்று நிற்கக்கூடாது. படத்தில் என்ன மாடு என்று எவன் பார்த்தான்? அவள் சொன்னது சரி. இடது மாட்டுக்கு ஒரு கொம்பு வளைந்து கன்னத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. வலது மாட்டுக்கு நெற்றியில் சுட்டி. காத்தமுத்துவின் மாடுகளேதான். எங்கள் ஊரில் வண்டிக்காரனை முகம் பார்த்து அடையாளம் சொல்ல மாட்டார்கள். தூரத்தில் மாடு வரும்போதே இன்னார் வருகிறார் என்று தெரியும். முகத்தைத் துண்டால் மூடி என்ன பிரயோஜனம்?

அவள் பெயர் அஞ்சலை. என்னை நேராக வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். காத்தமுத்து மாட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். முரட்டு மீசை. பேச்சில் என்னைவிட மோசம்.

"வாய்யா மண்டோரு. என் மானத்தைச் சுவத்துல ஒட்டிட்டு இப்ப மாட்டைப் பாக்க வந்தியா? நல்லாப் பாத்துக்க. மாசக் கடைசியில இது இங்க இருக்காது."

விஷயம் இதுதான். மரைக்காயர் ஒருவரின் அரிசிக் கிட்டங்கியிலிருந்து தீவின் மறுகோடியில் இருக்கும் பாயான் லெப்பாஸ் கடைகளுக்கு லோடு கொண்டுபோவது காத்தமுத்துவின் பிழைப்பு. நோட்டீஸ் ஒட்டிய மறுநாளே மரைக்காயர் லோடை நிறுத்திவிட்டார். "உன் மாட்டைச் சர்க்காரே சுவத்துல எழுதிப் போட்டுட்டான். என் மூட்டை ஓடையில வுழுந்தா உன் மாடா காசு கொடுக்கும்?" என்று கேட்டிருக்கிறார். வேறு கிட்டங்கிக்காரர்களும் படத்தைக் காட்டிச் சிரித்தார்கள். லோடு இல்லாமல் அந்த இரண்டு உருப்படிகளுக்கும் தீனி போட முடியாது. மாசம் முடிவதற்குள் லோடு வரவில்லை என்றால் விற்கவேண்டியதுதான். விலை பேச ஒருவன் ஏற்கெனவே வந்து பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

"சரிய்யா, நீ தூங்கறதே இல்லையா?" என்று கேட்டேன்.

"தூங்கறேன். எவன் தூங்கல? பாயான் லெப்பாஸ் போயிட்டு வர்றவன் தூங்காம தேவாரமா பாடுவான்? ஆனா என் மாடு தூங்குச்சா? அது பாட்டுக்கு வீட்டுக்கு வந்து வாசல்ல நின்னு கத்தும். அதையில்ல நீங்க சுவத்துல எழுதணும்!"

"பெருமை பேசுறதப் பாரு," என்றாள் அஞ்சலை. "மாடு கத்தித்தான் இவரை எழுப்பணும். நான் கத்துனா எழும்ப மாட்டாரு."

மஸ்தான் பாயிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவர் தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "மாடு வரைன்னு சொன்னீங்க மண்டோரே. தீவுலயே நல்ல மாடு எதுவோ அதைத்தானே வரைவேன்? அசிங்கமான மாடு வரைய எனக்குக் கை வராது."

மறுநாள் காலை துரையின் அறைக்குப் போனேன். நோட்டீஸை மாற்றவேண்டும் என்றேன். ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டது, மறுபடி அடிக்க மேலிடம் சம்மதிக்காது என்றார். இங்கிலீஷ் பேப்பருக்கு மட்டும் பணம் எங்கிருந்து வந்தது என்றேன். அவர் காது சிவந்தது.

"மிஸ்டர் சின்னையா, தயவுசெய்து உட்காருங்கள்."

நான் உட்காரவில்லை.

"அந்த ஆளின் முகம் மூடியிருக்கிறது. எப்படி அடையாளம் கண்டார்கள்?"

"முகத்தை எவன் பார்க்கிறான் துரை? மாட்டைப் பார்க்கிறான்."

"மாடு எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சனிக்கிழமை பந்தயத்துக்குப் போகிறீர்களே, குதிரை எல்லாம் ஒன்றுபோல என்றா பணம் கட்டுகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். துரை எழுந்து தொப்பியை எடுத்தார். "ரிக்ஷா பிடி" என்றார்.

எடைமேடைப் பக்கம் போனோம். துரை ரிக்ஷாவில் ஏறி அந்தச் சுவரைத் தாண்டினார். இழுத்தவன் ஒரு சீனக்காரன். வண்டியை நிறுத்தி, என்ன பார்த்தாய் என்று கேட்டார். இந்தத் தடவை ஒரு கேள்வி கூடுதல்: "யாருடைய மாடு?"

அவன் யோசிக்கவே இல்லை. "முத்து பூஞா லெம்பு லா!" என்றான். முத்துவுடைய மாடு என்று மலாயில் சொல்லிவிட்டு, கையைக் கன்னத்தில் வைத்துக் குறட்டை விட்டுக் காட்டினான். துரை இன்னொரு ரிக்ஷா பிடித்தார். அதே பதில். மூட்டை தூக்கும் ஒருவரைக் கேட்டார். மீன் கூடையோடு போன ஒரு மலாய்க்கார அம்மாவைக் கேட்டார். அந்த அம்மா, "அவன் பெண்டாட்டி பாவம்" என்றும் சேர்த்துச் சொன்னாள்.

துரை சுவருக்கு எதிரில் நின்று சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. தொப்பி கீழே விழுந்தது. "சின்னையா, நோட்டீஸ் பாஸ். நாம்தான் பெயில்," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே நின்று உத்தரவு போட்டார். புதிதாக அடிக்கப் பணம் கிடையாது. ஆனால் ரோட்டில் கோடு போடும் வெள்ளைப் பெயிண்டும், பள்ளம் தோண்டும் இடத்தில் வைக்கும் விளக்குக்கு அடிக்கும் சிவப்புப் பெயிண்டும் ஸ்டோரில் சும்மா கிடக்கின்றன. அதை எடுக்க யாரையும் கேட்கவேண்டியதில்லை. "ஊர் முழுக்க அந்த ஆளைப் பார்க்கிறது. நல்லதாகவே பார்க்கட்டும். எழுப்பி உட்கார வை. பின்னால் விளக்கை மாட்டு. ஆனால் படத்தில் இருப்பது ரோட்டிலும் இருக்கவேண்டும்."

காத்தமுத்துவிடம் சொன்னேன். "வெளக்கு மாட்டிக்கலாம்யா. முழிச்சிருக்கிறதுதான் கஷ்டம்," என்றான்.

"அதை எங்கிட்ட வுடுங்க," என்றாள் அஞ்சலை.

மூன்று நாள் அந்த வேலை நடந்தது. என் உத்தியோகத்தில் அதைவிடச் சந்தோஷமான மூன்று நாள் கிடையாது. மஸ்தான் பாய் ஏணி மேல். நான் பெயிண்ட் டப்பாவோடு கீழே. தூங்குகிறவனை வெள்ளையால் மறைத்து, அது காய்ந்ததும் அதன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்த ஒருவனை வரைந்தார். பெரிய கண். வண்டிக்குப் பின்னால் ரத்தச் சிவப்பில் ஒரு விளக்கு. மோட்டார் வண்டியைத் தொடவே இல்லை. அது இப்போது விளக்கைப் பார்த்து நிற்பதாக ஆகிவிட்டது, அதற்கு ஒரு துளி பெயிண்ட் செலவில்லை. கீழே இருந்த எழுத்தை மறைத்து, "விளக்குண்டு. விழிப்புண்டு. வீடு வந்து சேரும்" என்று தமிழில் எழுதினார். மற்ற மொழிகளுக்கு அந்தந்தத் தெருவில் எழுதத் தெரிந்தவர்களைப் பிடித்தோம். டீ வாங்கிக் கொடுத்தால் எழுதினார்கள்.

காத்தமுத்து லோடு இல்லாத ஆள். ஆகவே ஒவ்வொரு சுவருக்கும் எங்களோடு வந்தான். மாட்டையும் ஓட்டிக்கொண்டு வந்தான்.

"பாய், வலது மாட்டுக்குக் கழுத்துல ஒரு மணி குறையுது."

"மணி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"அதுக்குக் கோவம் வரும். அப்புறம் என் மீசை இம்புட்டுத்தானா?"

"சுவரு பத்தலண்ணே!"

கூட்டம் கூடிவிடும். படத்தையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்து, கொம்பு சரியா, சுட்டி சரியா என்று வாக்குவாதம் நடக்கும். ஏன் விளக்கு பின்னால் என்று ஒருவன் கேட்பான். இன்னொருவன் விளக்கம் சொல்வான். எந்த நோட்டீஸைச் சுற்றியும் அப்படி ஜனங்கள் நின்று நான் கண்டதில்லை. லாடப் பட்டறைச் சுவரில் படம் முடிந்தபோது கைதட்டினார்கள்.

ஆனால் கைதட்டினால் மாட்டுக்குத் தீனி ஆகுமா? மரைக்காயர் வாய் திறக்கவேண்டுமே. மாசம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, பொழுது சாயும் வேளையில் காத்தமுத்து வெறும் வண்டியைக் கிட்டங்கி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். அஞ்சலை வண்டியில் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். நானும் போனேன். லோடுக்காகக் காத்திருந்த மற்ற வண்டிக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

"முத்தண்ணே, முழிப்பா, தூக்கமா?"

"கிள்ளிப் பாருங்கடா, சுவத்துல இருக்கிற ஆளு எறங்கி வந்துட்டானான்னு!"

மரைக்காயர் வெளியே வந்தார். கனத்த உடம்பு, மெதுவான நடை. வண்டியைச் சுற்றி வந்தார். வைக்கோல் கட்டு பின்னாலிருந்து நடுவுக்கு மாறியிருந்ததைப் பார்த்தார். சிவப்பு லாந்தரைத் தொட்டு ஆட்டிப் பார்த்தார், கெட்டியாகத்தான் கட்டியிருந்தது. பிறகு ரோட்டில் இறங்கி நடந்தார். எங்கே போகிறார் என்று எங்களுக்குப் புரியவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் போய்த் திரும்பி நின்று, நெற்றியில் கைவைத்து விளக்கைப் பார்த்தார். மோட்டார்காரன் எங்கிருந்து பார்ப்பானோ அங்கிருந்து பார்க்கிறார்! அஞ்சலை முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். காத்தமுத்து மாட்டின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றான். அந்த வாய் அடங்கியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மரைக்காயர் திரும்பி வந்தார். காத்தமுத்துவை விட்டுவிட்டுத் தொங்குகொம்பு மாட்டின் முன்னால் போய் நின்றார்.

"ஏம்ப்பா, உங்காளு இனிமே முழிச்சிருப்பானா?"

மூக்கில் ஈ உட்கார்ந்ததோ என்னவோ, மாடு தலையை மேலும் கீழும் ஆட்டியது. கழுத்து மணி எல்லாம் கலகலத்தது.

"மாடு சாட்சி சொல்லிருச்சு. ஏத்துங்கடா மூட்டைய!"

அப்படி ஒரு சிரிப்பு அந்தத் தெருவில் கேட்டதில்லை. மூட்டைகள் ஏறின. அடுத்த வண்டிக்காரன் முன்னால் வந்து நின்றான். "உன் வெளக்கு எங்கப்பா?" என்று கேட்டார் மரைக்காயர். அவன் அச்சுக்குக் கீழே காட்டினான். "நான் ரோட்டுல போய் நின்னா தெரியுமா அது?" அவன் லாந்தர்க் கடைக்கு ஓடினான். அவன் பின்னால் இன்னும் நாலு பேர். கடைக்காரன் சாத்தப்போன கதவை மறுபடி திறந்தான். சர்க்கார் இங்கிலீஷ் பேப்பரில் கொட்டிய பணம் ஒரு ஆளையாவது அப்படி ஓடவைத்ததா? சொல்லுங்கள் பார்ப்போம்.

காத்தமுத்து வண்டியில் ஏறினான். அஞ்சலை மூட்டைகளின் மேல் ஏறி, அவன் முதுகுக்குச் சரியாகக் கை எட்டும் இடம் பார்த்து உட்கார்ந்தாள். கையில் ஒரு விசிறிக் காம்பு. வண்டி நகர்ந்தது. அவன் லேசாகக் கொட்டாவிதான் விட்டான், உடனே முதுகில் ஒரு குத்து விழுந்தது.

"மண்டோரே!" என்று அங்கிருந்தே கத்தினான். "என் மாடு தப்பிச்சிருச்சு. என் தூக்கம் போச்சு!"